மன்னிப்புக்குப் பத்து மார்க்

கணக்கு டீச்சரின் இருபத்தாறு வருட சர்வீஸில் கரும்பலகையில் ஒரு தப்புகூட வந்ததில்லை. வந்ததெல்லாம் டெஸ்ட். ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று எழுதிவிட்டுத் திரும்புவார். முதல் பெஞ்சிலிருந்து ஒரு கை எழும்பும். டீச்சர் கண்ணைக்கூட இமைக்காமல், "சும்மா டெஸ்ட் பண்ணிப் பாத்தேன், கவனிக்கிறீங்களான்னு" என்பார். பிள்ளைகள் அவருக்கு டெஸ்ட் டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். தன் குணத்துக்கு இதைவிட மோசமான பட்டப்பெயரே கிடைத்திருக்க வேண்டும், மலிவாகத் தப்பித்தோம் என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வார்.

வீட்டிலும் இதே கதைதான். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் கணவர் சாப்பாட்டில் உப்பு தூக்கலாக இருக்கும் நாளில் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து, "இன்னைக்கு என்ன டெஸ்ட்?" என்பார். "உங்க நாக்கு வேலை செய்யுதான்னு" என்று பதில் வரும். மனுஷன் மேற்கொண்டு பேசாமல் தண்ணீர் குடிப்பார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே மருத்துவம் அது.

டீச்சருக்கு இன்னொரு பெருமை உண்டு. பள்ளிக்கூடத்தின் கால அட்டவணையை அவர்தான் போடுவார். நாற்பது ஆசிரியர்கள், பதினெட்டு வகுப்புகள், வாரத்துக்கு ஐந்து நாள். ஆசிரியர் அறைச் சுவரில் கட்டம் கட்டமாக ஒரு பெரிய தாள் ஒட்டி, பென்சிலால் எழுதி, ரப்பரால் அழித்து, மறுபடி எழுதி ஒப்பேற்றுவார். யாருக்கு எந்த நேரம் வகுப்பு, யாருக்கு எந்த நேரம் ஓய்வு என்று தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வேன் என்று பீற்றிக்கொள்வார். அந்தப் பீற்றல் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது பிறகு வரும்.

இப்போது தங்கை. அவளும் இதே பள்ளியில்தான், பாட்டு டீச்சர். காலை ஜெபத்தில் ஆர்மோனியம் வாசிப்பவள் அவள்தான். அக்காவும் தங்கையும் பேசி இரண்டு வருடம் ஆயிற்று. ஆசிரியர் அறையில் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. நடுவில் ஒரு ஸ்டேப்ளர். தேவைப்பட்டால் டீச்சர் ஜன்னலைப் பார்த்து, "ஸ்டேப்ளர் எங்கேயோ போயிடுச்சு போல" என்பார். தங்கை அலமாரியைப் பார்த்து, "இங்கதான் இருக்கு, வேணும்கிறவங்க எடுத்துக்கலாம்" என்பாள். மற்ற ஆசிரியர்கள் நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வார்கள். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். உள்ளுக்குள் டீச்சருக்கு ஒவ்வொரு தடவையும் வலிக்கும்.

காரணம் பெரிய காரணம்தான். அம்மா எட்டு மாதம் படுக்கையில் இருந்தார், டீச்சர் வீட்டில். காலையில் குளிப்பாட்டி, மாலையில் வந்து ஊட்டி, ராத்திரி பக்கத்தில் படுத்து, எல்லாம் ஒண்டி ஆளாகப் பார்த்தார். பகலில் மட்டும் பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா தன் துணிகளை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்திருப்பார். தங்கை ஒரு நாள்கூட வரவில்லை என்று டீச்சருக்குக் கோபம். கோபத்தில் பாதி பெருமை. தனியாகச் சுமக்கிறேன் என்று யாரிடமாவது சொல்லும்போது ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது.

அம்மா போன அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள், பாதிப் பள்ளிக்கூடம். தங்கை உள்ளே வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். டீச்சர் அத்தனை பேர் முன்னால், "எட்டு மாசத்துல எட்டிப் பாக்காதவ, இப்ப வந்து அழறா பாருங்க" என்றார். தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடக்கம் முடிந்ததும் போய்விட்டாள்.

அரை வருடம் கழித்து ஒரு சாயங்காலம், தைக்கக் கொடுத்த துணியை வாங்கப் போன இடத்தில், தையல்கார அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார்: "உங்க தங்கச்சி பாவம்மா. புதன்கிழமை ஆனா ரெண்டு மணிக்கு டான்னு வந்துடும். தலை வாரி, நகம் வெட்டி, நாலரைக்குள்ள ஓடிடும். உங்க அம்மாதான் சொல்லாதேன்னுட்டாங்க. 'பெரியவ ஒண்டியா பாத்துக்கறேன்னு பெருமையா இருக்கா, அதைக் கெடுக்க வேணாம்'னு."

அம்மாவின் நகங்கள் எப்போதும் ஒழுங்காக இருந்தது டீச்சருக்கு நினைவு வந்தது. தானே வெட்டிவிட்டு மறந்துபோனதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்! பிடிச் சாம்பல்கூட மிச்சமில்லாமல் அவருடைய பெருமை எரிந்துபோன இடம் அந்தத் தையல் மெஷின் பக்கத்து முக்காலி.

ஆக, தப்பு தன்னுடையது என்று தெரிந்து ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. ஒரு மன்னிப்புக் கேட்டால் முடிந்தது. அவரும் முயற்சி பண்ணாமல் இல்லை. ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். முதல் வரி, இரண்டாம் வரி, ஆகவே, எனவே என்று வளர்ந்து, கடைசி வரியில் தப்பு அம்மாவுடையது என்று நிரூபணமாகி நின்றது. கிழித்துப் போட்டார். இன்னொன்று எழுதினார். அதில் தப்பு தையல்கார அம்மாவின் தலையில் விழுந்தது. இனி எழுதினால் ஆர்மோனியத்தின் மேல் வந்து முடியும் என்று பேனாவை மூடிவிட்டார்.

இந்த லட்சணத்தில், தங்கையின் கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. இந்தப் பருவம் முடிந்ததும் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். ரயிலில் ஒரு மணி நேரத் தூரம். டீச்சர் அதையும் ஜன்னல் வழியாகத்தான், அதாவது தங்கை அலமாரியிடம் சொல்லக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். இன்னும் பத்து வாரம். பத்து வாரத்துக்குள் சொல்லவில்லை என்றால் இந்த ஜென்மத்தில் சொல்லப் போவதில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தன்னைப் பற்றி அவருக்கு அந்த அளவுக்குக் கணக்குத் தெரியும்.

அந்த வாரம்தான் மதர் கூப்பிட்டு அனுப்பினார். மதர் என்றால் பள்ளியின் தலைமைக் கன்னியாஸ்திரி. மெல்லப் பேசுவார், பேசியது நடக்கும். மேசை மேல் சபை நிர்வாகத்திலிருந்து வந்த ஒரு கடிதம், ஒரு புத்தகம், சுருட்டிய ஒரு படம். பிள்ளைகளுக்குப் பாடம் மட்டும் போதாது. கோபம் வந்தால் என்ன செய்வது, சண்டை போட்டால் எப்படிச் சேர்வது, அடுத்தவர் மனசு நோவதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதையும் சொல்லித்தர வேண்டும். வாரம் ஒரு வகுப்பு ஒதுக்க வேண்டும் என்று உத்தரவு.

"ஆறாம் வகுப்புக்கு வியாழக்கிழமை கடைசி பீரியட் ஓட்டை இருக்கு டீச்சர். யாருக்கும் நேரம் ஒத்து வரல. உங்களுக்கு மட்டும் 'நோட்டுத் திருத்தம்'னு ஒண்ணு போட்டிருக்கு."

கையும் களவுமாகப் பிடிபட்டார். அது அட்டவணை போடுகிறவர் கூலியாகத் தனக்கே ஒளித்து வைத்துக்கொண்ட ஒரு மணி நேரம். அதில் நோட்டும் இல்லை, திருத்தமும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம்.

"ஆண்டவர் உங்களுக்குன்னே ஒதுக்கி வெச்சிருக்கார் பாருங்க" என்றார் மதர்.

"அது நான் ஒதுக்கினது, மதர்."

"உங்க கையால ஒதுக்கினார்."

மூக்குக்கு மேல் கோபம் வரும் ஒருவரிடம் கோபத்தை அடக்கும் பாடம் வந்து சேர்ந்தது. விஷயம் கேட்ட கணவர் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார். புரையேறி, தலையில் தட்டிக்கொண்டு, மறுபடி சிரித்தார்.

முதல் வகுப்பில் படத்தை விரித்துச் சுவரில் ஒட்டினார். எட்டு முகங்கள்: சந்தோஷம், பயம், வருத்தம், வெட்கம் என்று வரிசையாக. கோபத்துக்கு வரைந்திருந்த முகத்துக்கு மூக்குக் கண்ணாடி, இறுகக் கட்டிய கொண்டை, சுருங்கிய புருவம். பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள், டீச்சரைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் இரண்டு பேருக்கு விக்கல் வந்தது. டீச்சரும் பார்த்தார். வரைந்தவர் தன்னை எங்கே பார்த்தார் என்றுதான் அவருக்கு ஆச்சரியம்.

அடுத்த வாரம் மூச்சுப் பயிற்சி. நாலு எண்ணும்வரை மூச்சை இழுக்க வேண்டும், ஆறு எண்ணும்வரை மெல்ல விட வேண்டும். மனசு அமைதியாகும் என்று புத்தகம் சொன்னது. டீச்சர் கைக்கடிகாரத்தை மேசையில் வைத்துக்கொண்டார். "அஞ்சுலயே விட்டது யாரு? எந்திரி! திரும்ப இழு!" பாவம், அமைதியடைய முடியாமல் அந்தப் பையன் இருமிக்கொண்டே நின்றான்.

நாலாவது வாரம்தான் வினை. பாடம்: மன்னிப்புக் கேட்பது. புத்தகத்தில் ஒரு கதை, அதைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு, கடைசியில் ஒரு ஜெபம் என்று போட்டிருந்தது. டீச்சருக்கு அது போதவில்லை. கதை கேட்டு யார் திருந்தினார்கள்? அளக்க முடியாத விஷயத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ராத்திரி உட்கார்ந்து, முப்பத்தாறு அட்டை வெட்டி, ஒவ்வொன்றிலும் பத்துக் கட்டம் போட்டார். ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டால் அவர் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கட்டத்துக்கு ஒரு மார்க். பத்து மார்க்கும் பருவத் தேர்வில் சேரும். தன் அட்டவணை மூளையைத் தானே மெச்சிக்கொண்டு தூங்கப் போனார்.

முதல் இரண்டு நாள் பள்ளிக்கூடமே கண்ணீரில் நனைந்தது. போன வருடம் ஒடித்த பேனாவுக்கு, மூன்றாம் வகுப்பில் கிள்ளிய கிள்ளுக்கு எல்லாம் மன்னிப்பு. பார்த்த மதருக்கே கண் கலங்கியது. மூன்றாம் நாள் பழைய பாக்கி எல்லாம் தீர்ந்துபோயிற்று. கட்டமோ பாதிக்கு மேல் காலி. மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் முதலில் ஏதாவது செய்தாக வேண்டும் அல்லவா? ஆறாம் வகுப்பு அந்த வேலையில் இறங்கியது.

வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவன் காலை ஓங்கி மிதிப்பது. "ஐயோ, தெரியாம மிதிச்சுட்டேன், மன்னிச்சுக்கோ, இங்க கையெழுத்துப் போடு." பின்னலைப் பிடித்து இழுப்பது, கையெழுத்து. அடுத்தவன் டிபன் பாக்ஸைக் காலி பண்ணுவது, கையெழுத்து. வலி தாங்கும் ஒரு பையன் முதுகைக் காட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றான். ஒரு அடி, ஒரு கையெழுத்து; கூலி ஒரு பென்சில் சீவி. ஒரு வாரத்தில் அவனிடம் பதினோரு பென்சில் சீவி சேர்ந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுப் போட்டு எல்லார் கையெழுத்தும் அழகாயிற்று என்பதுதான் அந்தத் திட்டத்தில் விளைந்த ஒரே நன்மை.

ஏழு நாள் தொடர்ந்து மதியச் சாப்பாடு பறிபோன பிள்ளையின் அம்மா மதரின் அறைக்கு நேரே வந்துவிட்டார். டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேசை மேல் கந்தல் கந்தலாகக் கிழிந்த ஓர் அட்டை. பத்துக் கட்டமும் நிறைந்து, பதினொன்றாவதாக ஒரு கட்டம் கையால் வரைந்திருந்தது.

"என்ன டீச்சர் இது?"

"சும்மா டெஸ்ட் பண்ணிப் பாத்தேன், மதர்" என்று வாய் தானாகச் சொன்னது.

மதர் அவரையே பார்த்தார். திட்டியிருந்தால் டீச்சருக்குக் கஷ்டமே இல்லை. "மார்க் குடுத்தா மன்னிப்பு வரும்னு நினைச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். டீச்சர் முகத்தில் அசடு வழிந்தது. மார்க் கொடுத்தாலாவது தனக்கு வருமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்ததை மதரிடம் எப்படிச் சொல்ல?

அடுத்த வியாழக்கிழமை அட்டைகளைத் திருப்பி வாங்கினார். "மார்க் கிடையாது. இனிமே சட்டம் நீங்களே போடுங்க. மன்னிப்புன்னா எப்படி இருக்கணும், சொல்லுங்க" என்று சுண்ணக்கட்டியைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. வேறு வழி தெரியாமல்தான் செய்தார். அவருடைய இருபத்தாறு வருட சர்வீஸில் மிக நல்ல வகுப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதில் அவர் பங்கு சுண்ணக்கட்டி கொடுத்தது மட்டும்.

எழுதியவள் மூன்றாம் பெஞ்சுப் பெண். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் அவளை எல்லாரும் வக்கீல் என்பார்கள். அரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு மூன்று சட்டம் நின்றது. ஒன்று, மன்னிப்புக் கேட்கும்போது "ஆனா" என்று சொல்லக் கூடாது. இரண்டு, எல்லார் முன்னாலும் திட்டியிருந்தால் எல்லார் முன்னாலும்தான் கேட்க வேண்டும். மூன்று, அடுத்தவர் உடனே சரி என்று சொல்லியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

டீச்சர் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது சட்டம் அவர் நெஞ்சில் நேராக வந்து குத்தியது. அதை மறைக்கப் புத்தகத்தைப் புரட்டினார்.

வக்கீல் உட்காரவில்லை. "டீச்சர், நீங்க யார்கிட்டயாவது மன்னிப்புக் கேட்டிருக்கீங்களா?"

"அது பாடத்துல இல்ல. உக்காரு."

"பாட்டு டீச்சர்கிட்ட ஏன் டீச்சர் பேச மாட்டேங்கறீங்க? அவங்க போகப் போறாங்களே."

டீச்சர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "வெளிய போய் நில்லு!"

வக்கீல் சுண்ணக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். டீச்சர் திரும்பினார். எதிர்ச் சுவரில் கண்ணாடியும் கொண்டையுமாக அந்தக் கோப முகம். இரண்டும் ஒன்றையொன்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டன. நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்தார். ஆறு எண்ணும்வரை விட முடியவில்லை, அஞ்சிலேயே வந்துவிட்டது. அன்றைக்கு இரும இரும நிறுத்தி வைத்த பையனின் ஞாபகம் வந்து வெட்கமாகப் போயிற்று.

வாசலுக்குப் போனார். "உள்ள வா. நீ கேட்டதுல தப்பில்ல. தப்பு என்மேலதான்."

வக்கீல் சந்தேகமாக நிமிர்ந்து பார்த்தாள். "டெஸ்டா டீச்சர்?"

"இல்ல."

"அப்ப ரெண்டாம் சட்டம் டீச்சர். எல்லார் முன்னாடியும்தானே வெளிய போகச் சொன்னீங்க?"

டீச்சர் உள்ளே வந்து, முப்பத்தாறு பேர் முன்னால் நின்று, இன்னொரு தடவை சொன்னார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோ." அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இதற்கா இத்தனை வருடம் பயந்தோம்?

"மூணாம் சட்டப்படி யோசிச்சுச் சொல்றேன் டீச்சர்" என்று வக்கீல் உட்கார்ந்தாள். மறுநாள் காலையில்தான் வந்து, சரி என்றாள். போகும்போது, திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த, ஒரு கையெழுத்தும் இல்லாத தன் அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். டீச்சர் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மூன்று வாரம் அது அங்கேயே கிடந்தது. தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று கிளம்புவார். தினமும் ஜன்னலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார். கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. காலை ஜெபத்துக்குப் பிறகு பாட்டு டீச்சருக்குப் பிரிவுபசாரம். சீனியர் என்ற முறையில் கணக்கு டீச்சர் பேசுவார் என்று மதர் நிகழ்ச்சிநிரலில் எழுதியிருந்தார். தெரியாமல் எழுதியிருப்பார் என்று நினைக்க டீச்சர் அவ்வளவு அப்பாவி இல்லை.

அறுநூறு பிள்ளைகள், நாற்பது ஆசிரியர்கள். பக்கவாட்டில் ஆர்மோனியம், அதன் பின்னால் தலைகுனிந்த தங்கை. இந்த ஆசிரியர்களில் பாதிப் பேர் அன்றைக்குச் சாவு வீட்டிலும் நின்றிருந்தவர்கள்தான். டீச்சர் எழுதிக்கொண்டு வந்த தாளைப் பிரித்தார். "பன்னிரண்டு ஆண்டுகளாக நம் பள்ளியில் இசைப் பணி ஆற்றிய..." என்று தொடங்கி நாலு வரி போனார். ஐந்தாம் வரி, "எங்களுக்குள் சில வருத்தங்கள் இருந்திருக்கலாம், ஆனால்" என்று இருந்தது. ஆறாம் வகுப்பு வரிசையில் வக்கீல் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள். ஒன்றாம் சட்டம்.

டீச்சர் தாளை மடித்தார்.

"எங்க அம்மா செத்த அன்னைக்கு, எல்லார் முன்னாடியும், எட்டு மாசத்துல எட்டிப் பாக்காதவன்னு இவளைச் சொன்னேன். அது பொய். இவ வாராவாரம் வந்து அம்மாவைப் பாத்திருக்கா. அது எனக்குத் தெரிஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. ஒன்றரை வருஷமா வாயைத் திறக்கல. பயம். வேற காரணம் ஒண்ணும் இல்ல. தப்பு என்னோடது. என்னை மன்னிச்சுக்கோ." சுற்றிலும் பார்த்தார். "இது டெஸ்ட் இல்ல."

பின் வரிசைகளில் யாரோ சிரிக்க, அறுநூறு பேரும் சிரித்தார்கள். டீச்சருக்கும் அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. தங்கை மட்டும் நிமிரவில்லை. குனிந்தபடியே முடிவுப் பாட்டை எடுத்தாள். வழக்கத்தைவிட வெகு மேலே எடுத்துவிட்டாள். பிள்ளைகள் எட்டிப் பிடிக்க முடியாமல் கிறீச்சிட்டார்கள். பன்னிரண்டு வருடத்தில் அவள் சுருதி தப்பியது அன்று ஒரு தடவைதான்.

பள்ளி விட்ட பிறகு ஆசிரியர் அறையில் தங்கை பாட்டு நோட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் தன் மேசையில் உட்கார்ந்து, செய்ய வேலை இல்லாமல், சீவிய பென்சிலையே மறுபடி சீவிக்கொண்டிருந்தார்.

"இந்த ஸ்டேப்ளர் உன்னோடதா, என்னோடதா?"

டீச்சர் அனிச்சையாக ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகுதான் உறைத்தது, கேள்வி அலமாரியிடம் இல்லை, தன்னிடம்.

"நீ எடுத்துக்கோ" என்றார். கைப்பையைத் திறந்து, மூலை மடங்கிய அந்த அட்டையை எடுத்துத் தங்கையின் மேசையில் வைத்தார்.

தங்கை அட்டையைக் கையில் எடுத்துப் பத்துக் கட்டத்தையும் பார்த்தாள். அந்த அட்டைகளின் கதை பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்து போயிற்று. அட்டையைத் திருப்பி டீச்சர் பக்கமே தள்ளினாள்.

"இங்க போட மாட்டேன். அங்க வீட்டுக்கு வா, போட்டுத் தரேன். புதன்கிழமை வா. ரெண்டு மணிக்கு."

டீச்சரின் வாய் என்றைக்கு யோசித்துப் பேசியிருக்கிறது? "புதன்கிழமை ரெண்டு மணிக்கு எனக்கு எட்டாம் வகுப்பு இருக்கே" என்றது.

"எனக்கும் அப்ப ஆறாம் வகுப்பு இருந்துச்சுக்கா."

டீச்சர் மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். புதன்கிழமை, இரண்டு மணி, ஆறாம் வகுப்பு: பாட்டு. நாலு வருடமாக அதே கட்டத்தில், தன் கையெழுத்தில். சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்கி வழியும் நேரம்; எந்த ஆசிரியரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். தங்கைதானே, ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று அவள் தலையில் கட்டியது இவர்தான். தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்லத் தெரிந்தவர்! தையல்கார அம்மா புதன்கிழமை ரெண்டு மணி என்று சொன்ன பிறகும், ஒன்றரை வருடமாக இந்தத் தாளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தும், அவள் எப்படி வந்தாள் என்று ஒரு தடவை கண்ணைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"யாரு பாத்துக்கிட்டா உன் வகுப்பை?"

"டிரில் சார். அதுக்குப் பதிலா அவரோட காலை வகுப்பெல்லாம் எட்டு மாசம் நான் எடுத்தேன், மைதானத்துல. மதர்கிட்ட சொல்லிட்டுத்தான்." தங்கை பெட்டியை மூடினாள். "எல்லாருக்கும் தெரியும். உனக்குச் சொல்ல வேணாம்னு அம்மா சொன்னாங்க."

அந்த வெயிலில், விசில் ஊதிக்கொண்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி அவள் பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருந்தது டீச்சருக்கு நினைவு வந்தது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரித்திருக்கிறார். பாட்டு வரவில்லை போல, ஓட்டம் கற்றுத்தருகிறாள் என்று பக்கத்து மேசையில் ஜோக்கும் அடித்திருக்கிறார்.

டீச்சர் நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டு ஏறினார். புதன்கிழமைக் கட்டத்தில் எட்டாம் வகுப்புக்கு நேரே இருந்த தன் பெயரை ரப்பரால் அழுத்தி அழித்தார். தாள் கொஞ்சம் கிழிந்தது. இறங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அட்டையைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார். தங்கை பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, மறுபக்கத்தை யாராவது பிடிப்பார்களா என்று காத்திருந்தாள்.

"நான் பிடிக்கிறேன். ஒரு நிமிஷம் இரு" என்று டீச்சர் டிரில் சாரைத் தேடிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார். பதிலுக்கு அவர் தன் காலை வகுப்பு எல்லாவற்றையும் இவரை எடுக்கச் சொல்வார். சொல்லட்டும்.